மாதிரி இலக்கம் ஒன்று

அவர் முதன்முதலாக என் கடைக்குள் வந்தபோது ஒரு கையில் பஞ்சும் மற்றக் கையில் ஸ்பிரிட் போத்தலும் இருந்தன. யாருக்கோ ஊசி போட வந்த நர்ஸ் அம்மா இடம் மாறி நுழைந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"இன்டர்நெட் எது, தம்பி?" என்று கேட்டார்.

துறைமுகத்துக்குப் போகும் றோட்டில் அப்போது நான் ஒரு கொமினிகேஷன் நடத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு அழைப்பு, ஃபேக்ஸ், போட்டோ கொப்பி, மூலையில் மூன்று கணினிகள். கடைக்குப் பின்னாலேயே வீடு. சமாதானம் என்று ஒன்று வந்திருந்த காலம். அது கிழியத் தொடங்கியிருந்தது என்றாலும் யாரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

மூன்றாவது கணினியைக் காட்டினேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து பஞ்சு சுற்றிய நீட்டுக் குச்சி ஒன்றை எடுத்துக் கீபோட்டின் இடுக்குகளில் தடவி, அதை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு மூடினார். பிறகுதான் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தார். மவுசைத் துடைத்தார். கதிரையின் கைகளைத் துடைத்தார். பக்கத்துக் கணினியில் காதலிக்கு ஈமெயில் எழுதிக்கொண்டிருந்தவன் அந்த நெடியில் ஏழெட்டுத் தரம் தும்மிவிட்டு, கடிதத்தைப் பாதியில் அனுப்பிவிட்டு எழும்பிப் போனான்.

மூன்று நாள் கழித்து ஒரு தாளுடன் வந்தார். கையால் கோடு போட்டு, ஆஸ்பத்திரி றிப்போர்ட் மாதிரியே எழுதியிருந்தது. நோயாளியின் பெயர்: கீபோட். வயது: தெரியாது. முடிவு: எண்ண ஏலாத அளவு கிருமி. என்னைக் கேட்காமலே அதைக் கடை வாசலில் ஒட்டினார்.

"மிஸ், ஆட்கள் வரமாட்டினம்" என்றேன்.

"வருவினம். வரேக்க கையைக் கழுவிப்போட்டு வருவினம்."

அந்தக் கிழமை ஒருவரும் வரவில்லை. மறுகிழமை வந்து வாசலைப் பார்த்தார். "வருவினம் எண்டு சொன்னனான். பிழை" என்று சொல்லித் தாளைக் கிழித்தெடுத்துவிட்டு, ஸ்பிரிட் போத்தலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் விட்டுப்போன போத்தலைப் பார்த்தோ என்னவோ, அதற்குப் பிறகு கூட்டம் வந்தது.

அவருக்கு ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஐம்பதை ஒட்டிய வயது. எடுப்பான மூக்கு, அதன் நுனியில் கண்ணாடி, எப்போதும் வெளிர் நிறச் சேலை. ஊர் முழுக்க அவரை லாப் மிஸ் என்றுதான் தெரியும். "இந்த ஊரில அரைவாசிப் பேரின்ர ரத்தம் பாத்தனான் தம்பி" என்பார். "அதில தமிழோ முஸ்லிமோ சிங்களமோ எண்டு ஒரு நாளும் தெரியேல்லை. சீனி தெரிஞ்சது."

தினமும் வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் என் கடையில் இருப்பார். விஞ்ஞானச் செய்திகள் படிப்பார். செவ்வாய்க் கிரகத்தில் ஓடும் வண்டி அன்றைக்கு எவ்வளவு தூரம் போனது என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். எங்கள் ஊரில் பத்து மைல் போக, சோதனைக்காக நாலு இடத்தில் இறங்கி நடக்கவேண்டியிருந்த காலத்தில், அந்த வண்டியை நான் ஒரு உறவுக்காரனைப்போல விசாரித்துக்கொண்டிருந்தேன்.

எதைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். கைத்தொலைபேசி வந்த புதிதில் ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி ஆட்கள் கடற்கரையில் மேலும் கீழும் அலைந்தார்கள். "நல்ல மெசின். டொக்டர் சொல்லி நடக்காததுகள் எல்லாம் நடக்குதுகள்" என்றார். ஈமெயில் அவருக்குப் பிடிக்காது. கடிதம் என்றால் போய்ச் சேர ஒரு கிழமை எடுக்கும், அதற்குள் எழுதினவனுக்கும் கோபம் ஆறிவிடும், இது சூடாகப் போய்ச் சுடுகிறது என்பார். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் வெயில் சாய்ந்ததும் டவுனுக்குள் இறங்கி, குப்பையில் கிடக்கும் பேப்பர்களை மெல்லும். அதைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டு, "செய்தியைச் சீரணிக்கிற ஒரே சீவன்" என்றார்.

செய்தித் தளங்களை அவர் வாசித்த விதத்தை வேறு யாரிடமும் நான் கண்டதில்லை. ஒரே சம்பவத்தை மூன்று மொழித் தளங்களிலும் திறந்து வைத்துக்கொண்டு, செத்தவர் தொகையை ஒரு கொப்பியில் மூன்று நிரலாக எழுதுவார். ஒருநாளும் மூன்றும் ஒத்துப்போனதில்லை.

"சராசரி எடுத்துப் பாருங்கோவன் மிஸ்" என்றேன் ஒருநாள்.

"மூண்டு பேரும் பிழை எண்டா சராசரியும் பிழைதான்" என்றார்.

என் கடைக்கு எதிரே ஐஸ் பெட்டி வைத்து மீன் விற்றவர் ஹனீபா நானா. முஸ்லிம் ஊரான கிண்ணியாவில் வீடு. விடிய முதல் படகில் துறையைக் கடந்து மீனோடு வருவார், மத்தியானத்துக்குள் விற்று முடித்துவிட்டு, கட்டாரில் இருந்த மகளுடன் கதைக்க என்னிடம் வருவார். மிஸ்ஸுடன் வாதாட ஊரில் துணிந்த ஒரே ஆள் அவர்தான். ஒரு மாதம் முழுக்க இருவருக்கும் கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி வாக்குவாதம். ஏழு கிணறும் ஏழு விதமான சூடு என்று நானா. எல்லாம் ஒரே நிலத்துக்குக் கீழிருந்து வருவது, ஒரே சூடுதான், மற்றதெல்லாம் மனப்பிரமை என்று மிஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாபில் பாவிக்கும் நீண்ட வெப்பமானியைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பொதியைப் பிரித்துப் பார்த்த சிப்பாய்க்கு, கண்ணாடிக் குழாயும் உள்ளே மினுங்கும் பாதரசமும் பிடிக்கவில்லை. என்ன இது, எங்கே கொண்டுபோகிறாய் என்று சிங்களத்தில் சத்தம் போட்டான். மிஸ் அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். கைப்பையைத் திறந்து காய்ச்சல் பார்க்கும் சின்ன வெப்பமானியை எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, அவன் வாய்க்குள் வைத்தார். வாய்க்குள் அது இருந்ததால் இரண்டு நிமிடத்துக்கு விசாரணை நின்றது.

"நூற்றிரண்டு" என்று சிங்களத்தில் சொன்னார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. இரத்தம் பார்க்கவேண்டும்."

மறுநாள் வந்தான். மலேரியா. அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் மிஸ்ஸைக் கண்டால் அவன் மறிப்புத் தடியை உயர்த்தி வழிவிடுவான். விஷயம் பரவி, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க முண்டியடித்தார்கள்.

அந்த ஞாயிறு பின்னேரம் நேரே என் கடைக்கு வந்தார். நானா மகளுடன் கதைத்துக்கொண்டிருந்தார். மிஸ் ஏழு எண்கள் எழுதிய தாளை நீட்டி, கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் சொன்னது பிழை. ஏழும் ஏழு விதம். நானா சொன்னதுதான் சரி."

நானா சந்தோஷப்படவில்லை. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன மிஸ், சுகமில்லையா?" என்று கேட்டார்.

நானா பயந்ததில் ஆச்சரியமில்லை. எல்லாப் பக்கமும் ஒலிபெருக்கி கட்டியிருந்த ஊர் அது. எந்த ஒலிபெருக்கியிலும் 'நான் சொன்னது பிழை' என்ற வசனத்தை நாங்கள் கேட்டதில்லை.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. இரவில் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் செல் குண்டுச் சத்தம். பின்னேரம் ஆறு மணிக்கு ஊரடங்கு. ஆட்கள் செய்தி தேடி என் கடையில் குவிந்தார்கள். மூன்று கணினிகளைச் சுற்றி முப்பது தலைகள்.

அப்படி ஒரு பின்னேரம், எனக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஒருவர் ஏதோ ஒரு தளத்திலிருந்து ஒரு பக்கத்தை அச்செடுத்து, நூற்றைம்பது கொப்பி அடிக்கச் சொன்னார். கிண்ணியாவிலிருந்து வரும் மீனில் நஞ்சு கலக்கிறார்கள், டவுனில் தமிழர்களுக்கு மட்டும் அதை விற்கிறார்கள் என்று தலைப்பு. கீழே உடல் நீலம் பாரித்த ஒரு மீனின் படம். என் மெசினில் நீலம் கறுப்பாகி இன்னும் பயங்கரமாக வந்தது. நான் வாசிக்கவில்லை என்று சொன்னால் பொய். வாசித்தேன். எதிர்ப்பக்கம் நானா பெட்டி வைக்கிற இடத்தையும் ஒருமுறை பார்த்தேன். அடிப்பதுதான் என் வேலை, நம்புவதும் விடுவதும் அவரவர் வேலை என்று நினைத்துக்கொண்டேன். மெசின் நூற்றைம்பதையும் கக்கி முடித்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நானாவின் பெட்டியருகே ஒருவரும் போகவில்லை. ஒன்பது மணிக்கு இருபது பேர் போனார்கள். யாரும் மீன் வாங்கப் போகவில்லை. முன்னால் நின்றவர் ஜெகன், ஓட்டோ ஓடுகிறவர், முப்பது வயதிருக்கும். கையில் என் கடைக் கொப்பி. பின்னால் ஒருவர் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நின்றார். நானாவின் கையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. அது வேறு மாதிரித் தெரியும் என்று நினைத்திருக்கவேண்டும், மெதுவாக அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் சாரத்தில் துடைத்துக்கொண்டே நின்றார்.

நான் கடைச் சட்டரைப் பாதி இறக்கினேன். அதற்குக் கீழால் குனிந்து மிஸ் உள்ளே வந்தார். அன்றைக்கு அவருக்கு லீவு.

"மிஸ், நஞ்சில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவினம்" என்று கெஞ்சினேன்.

"சோதிக்காமல் எப்பிடிச் சொல்லுறது?"

"அது பொய் எண்டு எல்லாருக்கும் தெரியும் மிஸ்!"

"தெரியும் எண்டா நீர் போய்ச் சொல்லும்."

நான் போகவில்லை. அவர் என் மேசையில் கிடந்த கொப்பியை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். பிறகு அதோடு றோட்டைக் கடந்து நேரே ஜெகனிடம் போனார்.

"தம்பி, இது என்ன மீன்?"

"நஞ்சு மீன் மிஸ்."

"பேரைக் கேட்டனான்."

ஜெகன் படத்தைப் பார்த்தார். "பாரை" என்றார்.

பின்னால் நின்ற வயதான கடற்தொழிலாளி ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. "பாரையோ? நீ பாரை கண்டிருக்கிறியோடா? பாரைக்கு வால் இப்பிடியோ? இது சூரை."

"சூரைக்குச் செதில் எங்க அண்ணை? இது சீலா."

"சீலாவுக்கு மூஞ்சை நீட்டு!"

கொப்பி கை மாறிக் கை மாறிப் போனது. மண்ணெண்ணெய்ப் போத்தல்காரர் போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானும் எட்டிப் பார்த்தார். சத்தம் கூடிற்று. நானாவை எல்லாரும் மறந்துபோனார்கள். நானாவே கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்து, "இது நம்ம கடல்ல உள்ள மீனே இல்ல" என்று முணுமுணுத்தார்.

"முதுகுச் செட்டைக்குப் பின்னால, வாலுக்குக் கிட்ட, இன்னொரு குட்டிச் செட்டை இருக்கு, பாருங்கோ" என்றார் மிஸ். "எங்கட கடல் மீன் ஒண்டுக்கும் இது இல்லை."

"கெளுத்திக்கு இருக்கு!" என்றார் அந்த வயதானவர்.

மிஸ் திரும்பவும் படத்தைப் பார்த்தார். "ஓம். கெளுத்திக்கு இருக்கு. நான் சொன்னது பிழை. ஆனா கெளுத்திக்கு மீசை இருக்கு. இதுக்கு மீசையைக் காட்டுங்கோ."

தேடினார்கள். மீசை இல்லை.

"இது குளிர் நாட்டு மீன். சமன், சால்மன் எண்டுறது. தகர ரின்னில அடைச்சு வாறது."

"ரின்மீன் உயிரோட இப்பிடித்தான் இருக்குமோ?" என்று யாரோ கேட்டார். "அப்ப நானா கிண்ணியாவில ரின் பிடிக்கிறாரோ?" என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது. ஜெகனும் சிரித்துவிட்டார். நான் சட்டரை முழுதாக உயர்த்தினேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"படம் பொய்" என்றார் மிஸ். "ஆனா நானாவின்ர மீனில நஞ்சு இல்லை எண்டு நான் சொல்லேல்லை."

சிரிப்பு நின்றது.

"மிஸ்! என்ன இப்பிடிச் சொல்றீங்க!" நானாவின் குரல் உடைந்துபோயிருந்தது.

"சோதிச்சாத்தான் தெரியும் நானா. என்ர லாபில அதுக்குச் சாமான் இல்லை. ஒரு மீன் எடுங்கோ."

பெட்டிக்குள் மிஸ் தானே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டார், அதைத்தான் எடுக்கவேண்டும் என்றார். மீன் என் வீட்டுக் குசினிக்குப் போனது. என் மனைவி அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "நஞ்செண்டாலும் மஞ்சள் போட்டுத்தான் பொரிப்பன்" என்றாள்.

கடை வாசலில் நான்கு கதிரைகள் போடப்பட்டன. மிஸ் ஒரு தாளில் கட்டம் கீறினார். மாதிரி இலக்கம் ஒன்று, அவர். "ஒண்டு காணாது, குறைஞ்சது மூண்டு பேராவது வேணும்" என்றார். நானா இரண்டு. பிறகு என்னைப் பார்த்தார். நான் மூன்று. "இனி மீன் சாப்பிடாத ஒரு ஆள் வேணும். ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு" என்று சொல்லி ஜெகனைக் கையைப் பிடித்து நான்காவது கதிரையில் இருத்தினார். "நீர் பாணும் பருப்பும் சாப்பிடும். பின்னேரம் மூண்டரை வரைக்கும் எழும்பக்கூடாது."

"ஏன் மிஸ் நான்?"

"நீர்தானே மீன் சாப்பிடமாட்டன் எண்டு நிக்கிறீர். வேற ஆர் பொருத்தம்?"

மீன் வந்தது. றோட்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மிஸ் முள் எடுத்து, ஒரு துண்டை வாயில் வைத்து, நன்றாக மென்று விழுங்கினார். நானா பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிட்டார். நான் என் துண்டை வாய்க்குள் வைத்தபடியே இருந்தேன். நேற்று அந்தத் தலைப்பை வாசித்தவன் நான். பொய் என்று தெரிந்தும் நாக்கு அதை நம்பியது.

மிஸ் தன் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார். "நாடி எழுபத்தெட்டு" என்று உரத்துச் சொல்லி எழுதினார்.

"எழுபத்தெட்டாம், எழுபத்தெட்டாம்" என்று பின்னால் வரைக்கும் போனது. "மிஸ் பயப்பிடேல்லை" என்றார் யாரோ. அதைக் கேட்டு நானும் என் துண்டை விழுங்கினேன்.

மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எங்கள் நால்வரின் நாடியும் காய்ச்சலும் தாளில் ஏறின. பதினொரு மணிக்கு ஜெகன் வயிற்றைப் பிடித்தார். பருப்புப் பிழையோ, பதற்றத்தில் குடித்த இரண்டு சோடாவோ தெரியாது. என் வீட்டுப் பின்பக்கத்துக்கு ஓடினார். திரும்பி வந்து இருந்தார். மறுபடி ஓடினார். மிஸ் எழுதிக்கொண்டிருந்தார்.

"அதை எழுதாதேங்கோ மிஸ். ஆட்கள் பாக்கினம்."

"எழுதத்தான் வேணும் தம்பி. மூண்டு தரமோ, நாலு தரமோ?"

ஒரு மணிக்கு ஜெகன் வாடிப்போயிருந்தார். "மீன் சாப்பிட்டவை நல்லா இருக்கினம். எனக்கும் ஒரு துண்டு தாங்கோவன் மிஸ்" என்றார்.

"உமக்கு ஏலாது. ஒப்பிட ஆளில்லாமல் போயிடும்."

கூட்டம் அப்போது வாய்விட்டுச் சிரித்தது. மண்ணெண்ணெய்ப் போத்தல்காரரைத் தேடினேன். எப்போது போனார் என்று தெரியவில்லை. போத்தலையும் கொண்டு போய்விட்டார்.

மூன்றரைக்கு மிஸ் முடிவை எழுதினார். 'இன்று உண்ட ஒரு மீனில் தீங்கு காணப்படவில்லை. மற்ற மீன்களைப் பற்றித் தெரியாது. நான்கு பேர் போதாது.' இதைவிட மோசமான நற்சாட்சிப் பத்திரம் எந்த வியாபாரிக்கும் கிடைத்திருக்காது. ஆனாலும் ஐஸ் முழுக்கக் கரையமுதல் நானாவின் பெட்டியில் பாதி விற்றுப்போனது. மற்றப் பாதியை வாங்காதவர்கள் பிறகும் ஒருநாளும் வாங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாரும் போன பிறகு, அந்தக் கொப்பியை அடித்தது நான்தான் என்று மிஸ்ஸிடம் சொன்னேன்.

"எத்தினை?"

"நூற்றைம்பது."

"வாசிச்சனீரோ?"

"ஓம் மிஸ்."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு தன் தாளை என்னிடம் நீட்டினார். "இதையும் நூற்றைம்பது அடியும்."

அடித்தேன். ஜெகன்தான் ஓட்டோவில் கொண்டு திரிந்து கொடுத்தார். கொடுக்க முதல் நூற்றைம்பதிலும் மாதிரி இலக்கம் நான்கின் வரியைப் பேனையால் கறுப்படித்திருந்தார்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் துறை மூடப்பட்டு, நானா இந்தப் பக்கம் வருவது நின்றது. மிஸ்ஸுக்குக் கந்தளாய்க்கு மாற்றம் வந்தது. போகிற அன்று காலை பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று கடைக்கு வந்தார். அந்த மீன் சோதனையின் மூல றிப்போர்ட்டை நான் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன்.

"அதை எடும்" என்றார். சிவப்புப் பேனை ஒன்றைத் திறந்தார். "இதில ஒரு பிழை இருக்கு. மாதிரி இலக்கம் ஒண்டு, முதலாவது நாடி. எழுபத்தெட்டு எண்டு எழுதினனான். அது நூற்றிப் பதினாறு."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. "பயந்தனீங்களோ மிஸ்?"

"பயம் எண்டது உம்மட கருத்து. நூற்றிப் பதினாறு எண்டது அளவு" என்றார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எழுபத்தெட்டை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்து வைத்தார். தாளை ஊதிக் காயவைத்தார்.

"இதையும் நூற்றைம்பது அடிக்கவோ மிஸ்?" என்று கேட்டேன்.

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார். "ஒண்டு காணும்."